அப்டேட்டுக்குக் காத்திருந்தவள்

ஒரு வீடியோ கேமுக்கு அப்டேட் வருகிறது என்றால் விளையாடுகிறவர்களுக்குக் கொண்டாட்டம். அதற்கு மாட் எழுதுகிறவர்களுக்கோ தலைவலி. மாட் என்பது, வெளியாள் யாரோ ஆசைக்குச் செய்து, அந்த விளையாட்டோடு ஒட்டவைக்கிற சின்னச் சேர்க்கை. கம்பெனிக்காரன் உள்ளே ஒரு பெயரை மாற்றினாலும், ஒரு எண்ணைத் தள்ளிவைத்தாலும் ஒட்டு விட்டுப்போகும். நேற்றுவரை ஒழுங்காக ஓடியது இன்று மல்லாந்து கிடக்கும். "வேலை செய்யலையே", "எப்ப சரி பண்ணுவீங்க" என்று ஆளாளுக்கு நச்சரிப்பார்கள். காசா, பணமா? பிடித்துச் செய்கிற வேலைக்கு இவ்வளவு பாடு.

அதனால் அப்டேட் அறிவிப்பு வந்தால் மாட்காரர்கள் கூடுகிற தளத்தில் ஒரே ஒப்பாரிதான். அதில் சேராதவள் ஒருத்தி இருந்தாள். அறிவிப்பைப் பார்த்ததும் அவளுக்கு முகம் மலர்ந்துவிடும். அன்றைக்கு டீயில் சர்க்கரை இல்லை என்றால்கூடத் தெரியாமல் குடித்துவிட்டுப் போவாள்.

அவள் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்த்தாள். டாக்டர்கள் அனுப்புகிற அச்சில் பிளாஸ்டர் சுண்ணமாவைக் கரைத்து ஊற்றுவது, அது இறுகியதும் மெழுகில் ஈறு வைத்து ஒவ்வொரு பல்லாக நிறுத்துவது, மெருகு போடுவது. முன்பற்களுக்கு நிறம் பார்ப்பதென்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஜன்னலோரமாகக் கொண்டுபோய், தலையைச் சாய்த்து, "இது ரொம்ப வெள்ளை, இவ்வளவு வெள்ளையா வெச்சா பொய்ப்பல்லுன்னு ஊருக்கே தெரியும்" என்பாள். கூடத்தில் எல்லோருக்கும் அவள் பல்லக்கா. வயது நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒருமுறை கல்யாணம் ஆகி, புடவை மடிப்புக் கலைவதற்குள் என்பார்களே, அப்படிச் சீக்கிரமே அம்மா வீட்டுக்குத் திரும்பி வந்தவள். ஏன் என்று அம்மாவும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பெட்டியை வாங்கி உள்ளே வைத்த அம்மா, "கை கால் கழுவிட்டு வா, சாப்பிடலாம்" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

விளையாட்டு என்று பார்த்தால் பெரிய சண்டை கிண்டையெல்லாம் இல்லை. ஒரு சின்ன ஊர். வீடு கட்டலாம், தோட்டம் போடலாம், அக்கம்பக்கத்தாரோடு பேசலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் விளையாடுவதை அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள். ஒருநாள் அம்மாதான் சொன்னாள்.

"இத்தனை வீடு இருக்கு. ஒரு வீட்லயாவது துணி காயுதா பாரு. துவைக்காமலேவா உடுத்துறாங்க? என்ன ஊருடி இது!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் விஷயம் மனதில் தங்கிவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் கம்ப்யூட்டர் படித்தது கொஞ்சம் கையில் இருந்தது. தட்டுத்தடுமாறி, மற்றவர்கள் எழுதியதைப் பார்த்துப் பார்த்து, ஒரு மாட் எழுதினாள். அதைப் போட்டுக்கொண்டால் ஒவ்வொரு வீட்டுப் பின்புறமும் ஒரு கொடி கட்டப்படும். அதில் சட்டை, பாவாடை, துண்டு எல்லாம் காயும். காற்றடித்தால் ஆடும். மழை தூறினால் வீட்டு ஆட்கள் குடுகுடுவென்று ஓடிவந்து துணிகளை வாரிக்கொண்டு உள்ளே போவார்கள். அவ்வளவுதான். தளத்தில் 'கொடிக்காரி' என்ற பெயரில் ஏற்றிவைத்தாள். பத்துப் பேர் எடுத்தால் பெரிது என்று நினைத்தாள். ஆயிரக்கணக்கில் எடுத்தார்கள். துணி காயாத ஊரைப் பார்த்து அம்மாவைப்போலவே பலருக்கும் உறுத்தியிருக்கிறது போலும்.

அம்மாவுக்கு மட்டும் அந்த மாட் கடைசிவரை மாடாகவே இருந்தது. "மாட்டைச் சரி பண்ணிட்டியா?", "மாடு இன்னைக்கும் படுத்துக்கிச்சா?" என்று வாசலில் நின்றபடி சத்தமாகக் கேட்பாள். எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் ஒருநாள் கையில் பாத்திரத்தோடு வந்து நின்றாள். "உங்க வீட்ல மாடு இருக்காமே. பால் கொஞ்சம் கிடைக்குமா?" அம்மா ஒரு நொடி விழித்துவிட்டு, "அது பால் கொடுக்காதும்மா. துணிதான் காயப்போடும்" என்றாள். எதிர்வீட்டுக்காரி அதற்குப் பிறகு இந்தப் பக்கம் வர ரொம்ப நாள் யோசித்தாள்.

அந்த மாடு முதன்முதலாகப் படுத்தபோதுதான் ஈரத்துண்டு வந்து சேர்ந்தான்.

கம்பெனிக்காரன் புதிதாகச் சில மீன் வகைகளைச் சேர்த்து அப்டேட் விட்டிருந்தான். விளையாட்டுக்குள் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண் உண்டு. மீன்கள் நடுவில் புகுந்ததில் எண்களெல்லாம் தள்ளிப்போய்விட்டன. விளைவு, ஊர் முழுக்கக் கொடியில் சட்டைக்குப் பதில் மீன் தொங்கியது. தளத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் திட்டினார்கள். அந்தத் திட்டுகளுக்கு நடுவே ஒருவன் நிதானமாக எழுதியிருந்தான்.

"கொடிக்காரங்களுக்கு வணக்கம். எங்க தெருவுல எல்லா வீட்லயும் கெண்டை மீன் காயுது. கருவாடு வியாபாரம் நல்லாதான் இருக்கும், ஆனா பசங்க ஸ்கூலுக்குப் போட்டுக்கச் சட்டை இல்லை. என் வீட்ல மட்டும் ஒரு துண்டு தப்பிச்சிருக்கு. ஆனா அது காயவே மாட்டேங்குது, எந்நேரமும் ஈரமாவே இருக்கு. அது வேற பிழையா இருக்கலாம். படமும் பிழைப் பதிவும் இணைச்சிருக்கேன். அவசரமில்லை. உங்க வேலையெல்லாம் முடிச்சுட்டுப் பாருங்க."

அவசரமில்லை என்று அதுவரை யாரும் அவளிடம் சொன்னதில்லை.

அவன் சொன்னது சரிதான். துண்டு காயாதது வேறு பிழை, அவளே எழுதும்போது விட்டது. இரண்டையும் திருத்தி ஏற்றினாள். "ஈரத்துண்டு காஞ்சிருச்சா?" என்று கேட்டு எழுதினாள். "காஞ்சிருச்சுங்க. மொறுமொறுன்னு இருக்கு" என்று பதில் வந்தது. அன்றே அவன் தளத்தில் தன் பெயரை 'ஈரத்துண்டு' என்று மாற்றிக்கொண்டான்.

பிறகு ஒவ்வொரு அப்டேட்டுக்கும் இதே கதைதான். ஒருமுறை வானிலையைக் கம்பெனி மாற்றி எழுதியதில், நல்ல வெயிலில் ஜனங்கள் அலறிக்கொண்டு ஓடிவந்து துணியை வாரினார்கள். இன்னொருமுறை கொடிகளெல்லாம் கூரைக்குமேல் அந்தரத்தில் தொங்கின. "பாவாடை எட்டலைன்னு எங்க தெரு அம்மா வானத்தைப் பார்த்துட்டே நிக்கிறாங்க" என்று எழுதியிருந்தான். அவள் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால், விடிகாலையில், பழைய ஃபைலையும் புது ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்துவைத்து வரிவரியாக ஒப்பிடுவாள். எங்கே பெயர் மாறியிருக்கிறது, எது போயிருக்கிறது, எது புதிதாக முளைத்திருக்கிறது என்று பார்த்து மாட்டை அதற்குத் தக்கபடி வளைப்பாள். அவன் சோதித்துச் சொல்வான். இவள் திருத்துவாள். மறுபடி அவன் சோதிப்பான். அப்டேட் வந்தால் நாலைந்து நாள் இப்படி ஓடும்.

எல்லாம் சரியானதும் அவன் எழுதுவான்: "எல்லா வீட்லயும் துணி ஒழுங்கா காயுது. ரொம்ப நன்றிங்க." அத்தோடு சரி. அடுத்த அப்டேட் வரும்வரை ஆளே இருக்கமாட்டான். ஒரு கூடுதல் வார்த்தை கிடையாது, ஒரு குசலம் கிடையாது. காரணமில்லாமல் ஒரு பெண்ணுக்கு எழுதக்கூடாது என்று வைத்திருந்தான் போல. அந்த மரியாதை அவளுக்குப் பிடித்தது. பிடித்ததே நாள் போகப்போக அவளைப் பாடாய்ப் படுத்தியது.

அவனைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பிழை அறிக்கைகளின் ஓரத்தில் சிந்தியதுதான். வேறொரு ஊரில் லிஃப்ட் மெக்கானிக். "ரெண்டு மாடிக்கு நடுவுல ஒரு வக்கீல் மாட்டிக்கிட்டார், அவரை இறக்கிட்டு வர லேட் ஆயிடுச்சு, மன்னிக்கணும்." அப்பா கூட இருக்கிறார், அவருக்கு ஒரு பக்கம் கை கால் விளங்காது. "அப்பாவுக்கு உங்க கொடியைப் பார்க்கப் பிடிக்கும். மழை வந்தா 'ஓடு ஓடு'ன்னு திரையைப் பார்த்துக் கத்துவார்." இதுபோல ஐந்தாறு துணுக்கு. கூடத்தில் மெழுகு உருகக் காத்திருக்கும்போது அவள் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பாள். அவன் கை எண்ணெய்க் கறையோடு இருக்குமா? சிரித்தால் சத்தம் வருமா? பல் வரிசை எப்படி இருக்கும்? தொழில் புத்தி, கடைசியில் எல்லாம் பல்லில் போய் நிற்கும்.

"பல்லக்கா, மெழுகு கருகுது!" என்று யாராவது கத்துவார்கள்.

அடுத்த அப்டேட் எப்போது வரும் என்று கம்பெனியின் பக்கத்தை அடிக்கடி திறந்து பார்ப்பதைத் தங்கச்சிதான் முதலில் கவனித்தாள். அடுத்த தெருவில் குடியிருந்தவள், மாலையில் குழந்தையோடு வருவாள். "என்னக்கா, மாப்பிள்ளை வீட்டுத் தகவலுக்குக் காத்திருக்கிற மாதிரி பார்த்துட்டே இருக்க?" என்றாள். "போடி" என்று அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

இப்படியே சில வருடங்கள் ஓடின. பிறகு ஒருநாள் கம்பெனி அறிவித்தது. இதுதான் கடைசி அப்டேட், இனி இந்த விளையாட்டில் எதையும் தொடமாட்டோம், வேறு விளையாட்டுக்குப் போகிறோம்.

மாட்காரர்கள் துள்ளிக் குதித்தார்கள். "அப்பாடா, விட்டது சனி!" "இனி ஒருமுறை திருத்தினா காலத்துக்கும் நிக்கும்!" அவள் அதில் சேரவில்லை. அந்தக் கடைசி அப்டேட்டுக்கான திருத்தத்தை வேண்டுமென்றே மெதுவாகச் செய்தாள். ஒரே நாளில் முடிகிறதை ஒவ்வொன்றாகப் பிரித்து ஏற்றினாள். அவனும் சலிக்காமல் ஒவ்வொன்றையும் சோதித்துச் சொன்னான். எவ்வளவு இழுத்தாலும் ஒரு முடிவு வரத்தானே செய்யும்.

"எல்லா வீட்லயும் துணி ஒழுங்கா காயுது. இனிமே உங்களுக்குத் தொந்தரவு இருக்காது. நிம்மதியா இருங்க. இத்தனை வருஷத்துக்கும் நன்றிங்க."

நிம்மதியாக இருக்கச் சொல்லிவிட்டான். எப்படி இருப்பது என்று சொல்லவில்லை. அவள் பதிலாக ஐந்தாறு முறை எழுதினாள், ஐந்தாறு முறை அழித்தாள். கடைசியில் "உங்களுக்கும் நன்றி" என்று மட்டும் அனுப்பிவிட்டு, அந்த இரண்டு வார்த்தைக்காக ஒரு வாரம் தன்னையே திட்டிக்கொண்டாள்.

மழைக்காலம் வந்து போனது. கூடத்தில் வேலை தலைக்கு மேல் கிடந்தது. அவள் சிரிக்காமல் வேலை பார்த்தாள். தளத்தில் அவள் பக்கம் அடங்கிக் கிடந்தது. புதிதாக எடுக்கிறவர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள், குறை சொல்ல யாருக்கும் ஒன்றும் இல்லை. வாழ்நாளில் முதல்முறையாக அவள் செய்த ஒன்று பழுதே இல்லாமல் நின்றது. அதைப் பார்த்து அவளுக்கு அழுகைதான் வந்தது.

ஒரு ஞாயிறு காலையில் மனசு கேட்காமல் ஒரு காரியம் செய்தாள். மாட்டைத் திறந்து ஒரு வரியை மாற்றினாள். மழை வந்ததும் எல்லாத் துணியையும் எடுத்துக்கொண்டு போகிற ஜனங்கள், இனி ஒவ்வொரு வீட்டிலும் ஒரே ஒரு துண்டை மட்டும் எடுக்க மறந்துவிடுவார்கள். அது கொடியில் தொங்கி நனைந்துகொண்டே இருக்கும். சாதாரணமாக விளையாடுகிறவர்கள் கவனிக்கக்கூட மாட்டார்கள். கவனிக்கிறவன் ஒருவன் கவனிப்பான். 'சிறு திருத்தம்' என்று போட்டு ஏற்றிவிட்டாள். பழுதில்லாத பல் செட்டில் தானே கீறல் போட்டு அனுப்பியதுபோல இருந்தது.

அன்று அவன் எழுதவில்லை. அந்த வாரமும் இல்லை. முன்பின் தெரியாத யாரோ, "ஒரு துண்டு மட்டும் நனையுதே, பிழையா?" என்று கேட்டிருந்தார்கள். "பார்க்கிறேன்" என்று எழுதிவிட்டுப் பார்க்காமலே இருந்தாள். இன்னொருவர், "எங்க வீட்லயும் இப்படித்தான் ஒண்ணு எப்பவும் மறந்துடும்" என்று சிரித்திருந்தார். அவன் வரவில்லை.

தினமும் கூடத்துக்குப் போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் போனைத் திறப்பாள். மாதம் ஒன்று போனது. முகம் சுண்டிப்போய் வந்து உட்கார்ந்தவளைப் பார்த்து அம்மா ஒரு மாலையில் கேட்டாள்.

"மாடு நல்லாதானே இருக்கு? அப்புறம் ஏன் இப்படி இருக்க?"

"நல்லா இருக்கிறதுதாம்மா பிரச்சினை."

அம்மா உரித்துக்கொண்டிருந்த பட்டாணியை நிறுத்தினாள். "அந்தத் துண்டுக்காரர் எழுதலையா?"

அவள் திடுக்கிட்டாள். "உனக்கு எப்படித் தெரியும்?"

"நீதான் அவர் எழுதினதையெல்லாம் எனக்குப் படிச்சுக் காட்டுவியே. படிக்கிறப்ப உன் குரலைக் கேட்டா தெரியாதா? அவர் எழுதலைன்னா நீ எழுதேன். கையில சுளுக்கா?"

"என்னன்னும்மா எழுதறது?"

"எப்படி இருக்கீங்கன்னு எழுது. மனுஷங்க அப்படித்தான் ஆரம்பிப்பாங்க."

மறுநாள் முதல் வேலையாக அந்த வரியைப் பழையபடி மாற்றினாள். 'துண்டு நனைந்தது நான் வேண்டுமென்றே வைத்தது. எடுத்துவிட்டேன். மன்னிக்கவும்' என்று பக்கத்தில் வெளிப்படையாக எழுதினாள். பிறகு அவனுக்குத் தனியாக எழுதினாள். "எப்படி இருக்கீங்க? அப்பா எப்படி இருக்கார்? எந்தப் பிழையும் இல்லை. சும்மாதான் கேட்கிறேன்." அனுப்பியதும் போனைக் கைப்பையின் அடியில் போட்டுவிட்டு, ஒரு முழு மேல்வரிசைப் பல்லையும் தலை நிமிராமல் அடுக்கி முடித்தாள்.

பதில் மூன்றாம் நாள் வந்தது. அதுவரை அவன் எழுதியதிலேயே நீளமானது.

"துண்டை முதல் நாளே பார்த்தேங்க. என் பேர் துண்டு, நனையறதும் துண்டு. எனக்காக வெச்சீங்களோன்னு ஒரு நினைப்பு. கேட்கலாம்னு போனை எடுப்பேன், வெச்சுடுவேன். கேட்டு, 'ஐயோ அது பிழைங்க'ன்னு நீங்க சொல்லித் திருத்திட்டீங்கன்னா அந்த நினைப்பும் போயிடும். அதனால சொல்லாமலே விட்டுட்டேன். அப்பாகூட, 'ஏன்டா அதை மட்டும் விடுறாங்க'ன்னு தினம் கேட்டுட்டிருந்தார். இன்னைக்குத்தான் உங்க பக்கத்துல எழுதினதைப் பார்த்தேன். இனிமே சொல்றதுக்கு என்கிட்ட பிழை எதுவும் இருக்காது. சும்மா எழுதலாமா?"

அவள் அதைக் கூடத்தின் பின்வாசலில் நின்று படித்தாள். கையெல்லாம் சுண்ணமாவு. கண்ணைத் துடைக்கப்போய் முகமெல்லாம் அப்பிக்கொண்டது. உள்ளே வந்தவளைப் பார்த்து, "என்ன பல்லக்கா, உங்களுக்கே அச்சு எடுத்தீங்களா?" என்று கேலி செய்தார்கள்.

அன்றிலிருந்து எழுதிக்கொண்டார்கள். காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. பிறகு போன். முதல்முறை பேசியபோது "சாப்டீங்களா", "ம்", "நீங்க", "ஆச்சு" என்பதற்குள் இருவருக்கும் வியர்த்துவிட்டது. அவன் குரல் அவள் நினைத்ததைவிட மெல்லியது. சிரித்தால் சத்தம் வரவில்லை, மூச்சுதான் வந்தது. நாலைந்து முறைக்குப் பிறகு சரளமானது. அவளுக்கு எழுதத் தெரிந்த அளவுக்குப் பேசவும் வரும் என்பதை அவளே அப்போதுதான் தெரிந்துகொண்டாள்.

வருகிறேன் என்றான். ரயில் டிக்கெட்டும் எடுத்தான். தங்கச்சி ஜன்னல் திரையெல்லாம் துவைத்து மாட்டினாள். அம்மா நாற்காலியின் ஆடுகிற காலுக்கு அட்டை மடித்து வைத்தாள். கிளம்புகிற அன்று காலையில் அவன் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு. ஆஸ்பத்திரி, கட்டு, படுக்கை. அவரைத் தனியாக விட முடியாது, பார்த்துக்கொள்ள வேறு ஆளும் இல்லை.

"நீ போய்ப் பாரேன்" என்று அம்மாதான் சொன்னாள். அவள் வருகிறேன் என்று அவனிடம் சொன்னாள். "இப்ப வேண்டாங்க. வீடு ஆஸ்பத்திரி மாதிரி கிடக்கு. அப்பா எழுந்து உட்காரட்டும். முதல் தடவை உங்களை இப்படி வரவேற்க எனக்கு மனசு வரலை" என்றான். அவளுக்கு வருத்தம்தான். ஆனால் சுண்ணமாவு இறுகுவதற்குள் அச்சைக் கழற்றினால் என்ன ஆகும் என்று தெரிந்தவள். வற்புறுத்தவில்லை.

அவன் அப்பா இன்னும் எழுந்து உட்காரவில்லை. மதியச் சாப்பாட்டு வேளையில் அவன் வீட்டிலிருந்து கூப்பிடுவான். போன வாரம் ஒருநாள் பேச இரண்டு பேருக்கும் விஷயம் தீர்ந்துபோய்விட்டது. ஆனால் வைக்கவும் மனதில்லை.

"உங்க தெரு எப்படி இருக்கும்?" என்று கேட்டாள்.

"தெரு மாதிரிதான் இருக்கும். என்ன சொல்றது?"

"சொல்ல வேணாம். போனை வெளிய நீட்டுங்க."

அவன் சிரித்த மூச்சு கேட்டது. பிறகு கதவுத் தாழ்ப்பாள். பிறகு தெரு. யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்தார்கள், கிளம்பவில்லை. ஒரு பெண் மாடியிலிருந்து யாரையோ சாவியை மறந்துவிட்டதாகத் திட்டினாள். தூரத்தில் ஏதோ கட்டடத்தில் சுத்தியல் சத்தம், விட்டு விட்டு. நடுவில் உள்ளேயிருந்து முதியவர் ஒருவர், "யாருடா போன்ல?" என்று கேட்பதும், அவன், "அவங்கதான்பா" என்று சொல்வதும் கேட்டது.

அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள். "கேட்டுச்சா?" என்று அவன் திரும்பி வந்து கேட்டான்.

"இன்னும் கொஞ்சம் நேரம் நீட்டுங்க" என்றாள்.